திருப்தியா? யாரைக் கேட்டார்கள்?

ஒரு கல்யாண வீடு. கடைசிப் பந்தி முடிந்தது. பெண்ணின் அப்பா வாசலில் நிற்கிறார். கை கழுவி வருகிறவர்களிடம் கேட்கிறார்.

"சாப்பாடு எப்படி?"

"ரொம்ப நல்லா இருந்தது, மாமா."

"பாயசம் பிரமாதம், அண்ணே."

பத்துப் பேரைக் கேட்டார். பத்துப் பேரும் நன்றாக இருந்தது என்றார்கள். அவர் மனம் குளிர்ந்தது.

ஆனால் பந்தியில் இடம் கிடைக்காமல் சிலர் பசியோடு பஸ் ஏறிவிட்டார்கள். அவர்களை அவர் கேட்கவில்லை. சாம்பாரில் உப்பு கொஞ்சம் தூக்கல். அதைக் கல்யாண வீட்டில் யார் சொல்வார்கள்?

இங்கே யாரும் ஏமாற்றவில்லை. ஆனாலும் முழு உண்மை அவருக்குத் தெரியவில்லை.

பொருள் விற்கும் கம்பெனிகளும் இதே கேள்வியைத்தான் கேட்கின்றன. "எங்கள் பொருள் உங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்கின்றன. பதில்களை எண்ணிக் கணக்குப் போடுகின்றன. சில பொது அமைப்புகளும் இப்படிக் கேட்கின்றன. இதற்கு வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பு என்று பெயர். இந்தக் கணக்கை எப்படிப் படிப்பது? மின்சாரக் காரை வைத்துப் பார்ப்போம்.

மின்சாரக் கார்

மின்சாரக் காருக்குப் பெட்ரோல் வேண்டாம். டீசலும் வேண்டாம். அதில் பெரிய பேட்டரி இருக்கும். செல்போனுக்கு ஏற்றுவது போல அதற்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும். ஓடும்போது சத்தம் குறைவு. புகை வராது.

நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு பெங்களூரில் செய்த ரேவா என்ற சிறிய மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. இன்று பல கம்பெனிகள் மின்சாரக் கார் விற்கின்றன.

அமெரிக்காவில் நடந்தது

அமெரிக்காவில் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' என்ற பத்திரிகை இருக்கிறது. வாங்குபவர்களுக்கு உதவுவது அதன் வேலை. அது விளம்பரம் வாங்குவதில்லை. கார்களைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கிச் சோதிக்கிறது.

டெஸ்லா கம்பெனியின் 'மாடல் எஸ்' என்ற மின்சாரக் காரை அது சோதித்தது. மிக உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது. 2015-ஆம் ஆண்டு அந்தக் காரை வைத்திருந்த சுமார் 1,400 பேரிடம் விவரம் கேட்டது. "மறுபடியும் இதே காரை வாங்குவீர்களா?" என்றது ஒரு கேள்வி. 100-க்கு 97 பேர் "வாங்குவோம்" என்றார்கள்.

அதே ஆட்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டது. "என்னென்ன பழுது வந்தது?" இதற்கு நீண்ட பட்டியல் வந்தது. மோட்டார் பகுதியில் பழுது. சார்ஜ் ஏற்றும் கருவியில் பழுது. நடுவில் உள்ள பெரிய திரையில் பழுது. மேல் கூரையில் ஒழுக்கு.

பத்திரிகை என்ன செய்தது? "இந்தக் காரை வாங்கலாம்" என்று தான் சொல்லியிருந்ததைத் திரும்பப் பெற்றது. அடுத்த ஆண்டு, 2016-இல், பழுதுகள் குறைந்தன. பிறகுதான் மறுபடியும் வாங்கலாம் என்று சொன்னது.

பாருங்கள். அதே கார். அதே ஆட்கள். ஒரு கேள்விக்கு மகிழ்ச்சி பதிலாக வந்தது. இன்னொரு கேள்விக்குக் குறை பதிலாக வந்தது.

ஏன் இப்படி?

முதல் காரணம், வாங்கியவர் யார் என்பது. அப்போது அந்தக் காரின் விலை 70,000 டாலருக்கு மேல். அன்றைய கணக்கில் சுமார் 45 லட்சம் ரூபாய். வாங்கியவர்கள் வசதி உள்ளவர்கள். புதுமையில் ஆசை உள்ளவர்கள். கார் பட்டறையில் நின்றால் பலருக்கு வேறு காரும் இருக்கும். பழுதைப் பெரும்பாலும் கம்பெனியே உத்தரவாதத்தின் பேரில் சரிசெய்தும் கொடுத்தது. ஒரே வண்டியை வைத்துப் பிழைப்பவர் அதே பழுதை அப்படி எடுத்துக்கொள்வாரா?

இரண்டாவது காரணம் நம் மனம். டவுனுக்குப் போகிறோம். நாலு கடை ஏறி இறங்கி ஒரு பட்டுப் புடவை எடுக்கிறோம். "நிறம் கொஞ்சம் மங்கல்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நாம் விடுவோமா? "இந்த நிறம்தான் அக்கா இப்போ எல்லாரும் எடுக்கிறாங்க" என்போம். பணம் கொடுத்த பொருளை மனம் விட்டுக்கொடுக்காது.

இதை 1956-இல் ஜாக் பிரெம் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்துக் காட்டினார். மாணவிகளிடம் சில வீட்டுச் சாமான்களைக் காட்டினார். எது எவ்வளவு பிடிக்கிறது என்று மதிப்பெண் போடச் சொன்னார். பிறகு இரண்டைக் காட்டி, ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எடுத்த பிறகு மறுபடியும் மதிப்பெண் போடச் சொன்னார். எடுத்த பொருளுக்கு மதிப்பெண் கூடியது. விட்ட பொருளுக்குக் குறைந்தது. பொருள் மாறவில்லை. மனம்தான் மாறியது.

மூன்றாவது காரணம், பசியோடு பஸ் ஏறியவர்கள். இவர்களைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். கலிபோர்னியா என்பது அமெரிக்காவின் ஒரு மாநிலம். அங்கே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். மின்சாரக் காரை விட்டுப் போனவர்களையும் அவர்கள் கணக்கில் எடுத்தார்கள். மின்சாரத்தில் மட்டும் ஓடும் காரை வாங்கியவர்களில் 100-க்கு 18 பேர் பெட்ரோல் காருக்கே திரும்பியிருந்தார்கள். வசதியாகச் சார்ஜ் ஏற்ற முடியாதது ஒரு முக்கியக் காரணம். இன்று மின்சாரக் கார் வைத்திருப்பவரை மட்டும் கேட்டால் இந்த 18 பேரின் குரல் கேட்காது.

நான்காவது காரணம், கேட்பவர் யார் என்பது. புது வண்டியைக் கையில் கொடுக்கும்போதே, "போன் வரும் சார், நல்ல மார்க் போடுங்க" என்று ஊழியர் சொல்வது உண்டு. பாவம், அந்த மார்க்கை வைத்து அவர் வேலையை அளக்கிறார்கள். நாமும் இரக்கப்பட்டுப் போட்டுவிடுகிறோம். வண்டியோ இன்னும் பத்துக் கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது.

கணக்கு பொய்யா?

பொய் இல்லை. கலிபோர்னியாவில் 18 பேர் விட்டார்கள் என்றால், 82 பேர் விடவில்லை. சத்தம் இல்லாத ஓட்டம், மிச்சமாகும் பெட்ரோல் காசு இவையெல்லாம் உண்மையான மகிழ்ச்சிதான்.

ஆனால் திருப்தி வேறு, தரம் வேறு. திருப்தி என்பது மனம் சொல்வது. தரம் என்பது பட்டறைச் சீட்டு சொல்வது. இரண்டையும் கேட்க வேண்டும்.

இது நமக்கு எதற்கு?

45 லட்சம் ரூபாய்க் காரை நாம் வாங்கப் போவதில்லை. ஆனால் டெல்லி, பாட்னா, லக்னோ, கொல்கத்தா போன்ற ஊர்களில் ஆயிரக்கணக்கானோர் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டிப் பிழைக்கிறார்கள். பலர் கடன் வாங்கித்தான் வண்டி வாங்குகிறார்கள். வண்டி நின்றால் அன்று கூலி இல்லை. ஆனால் கடன் தவணை நிற்காது.

"100-க்கு 95 பேர் திருப்தி" என்று ஒரு விளம்பரம் வருவதாக வைத்துக்கொள்வோம். உடனே கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் இவற்றைக் கேளுங்கள்.

எத்தனை பேரைக் கேட்டார்கள்? வாங்கி எத்தனை நாளில் கேட்டார்கள்? கேட்டது யார், கம்பெனியா, வெளி ஆளா? வண்டியை விற்றுவிட்டுப் போனவர்களைக் கேட்டார்களா?

பிறகு ஸ்டாண்டுக்குப் போங்கள். இரண்டு வருடம் ஓட்டியவரிடம் பேசுங்கள். "வண்டி பிடிச்சிருக்கா அண்ணே?" என்று மட்டும் கேட்காதீர்கள். "பேட்டரி எத்தனை மாதம் வந்தது? மாற்ற எவ்வளவு ஆனது? போன மாதம் எத்தனை நாள் வண்டி நின்றது?" என்று கேளுங்கள். இதற்கு வரும் பதில்தான் உங்கள் கடனைக் காப்பாற்றும்.

ஒரு நாள் உங்களிடமும் யாராவது படிவத்தோடு வரலாம். "திருப்தி என்று போட்டுக் கையெழுத்துப் போடுங்கம்மா" என்பார்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். முழுவதும் படியுங்கள். நிறை இருந்தால் நிறையை எழுதுங்கள். குறை இருந்தால் குறையை எழுதுங்கள். நீங்கள் எழுதும் ஒரு வரி, அடுத்து வாங்கப்போகும் ஒருவருக்கு வழி காட்டும்.

பேசிப் பாருங்கள்

1. நீங்கள் வாங்கிய ஒரு பொருளில் குறை இருந்தும் வெளியே சொல்லாமல் இருந்தது உண்டா? ஏன் சொல்லவில்லை?

2. உங்கள் ஊர் ரேஷன் கடை பற்றிக் கருத்துக் கேட்க வேண்டும். யார் யாரைக் கேட்பீர்கள்? கடைக்கு வராதவர்களை எப்படிக் கேட்பீர்கள்?