சிக்னல் ஃபுல்... குரல் மட்டும் கேட்கலையா? ஹாம் ரிப்பீட்டரில் என்ன சிக்கல்?

வெள்ளத்தில் செல்போன் டவர்கள் முடங்கினால், ஹாம் ரேடியோ ரிப்பீட்டர் கைகொடுக்கும். ஒரு அலைவரிசையில் கேட்பதை அதே நொடியில் இன்னொன்றில் திருப்பி ஒலிபரப்பும் கருவி இது. ஆனால், வீட்டிலேயே செய்த ரிப்பீட்டரில் சிக்னல் ஃபுல்லாக இருந்தும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கலாம். மாடியில் எத்தனை பேர் சிக்கியிருக்கிறார்கள் என்பதே புரியாவிட்டால் என்ன பயன்?

உடனே பவரைக் கூட்டாதீங்க. எஃப்.எம்.மில் சத்தத்தை முடிவுசெய்வது டீவியேஷன். அதாவது, பேசும்போது அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்பது.

முதலில், ஒலிபரப்பும் செட் ‘நேரோ’ மோடில் இருக்கிறதா பாருங்க. இருந்தால் டீவியேஷன் 5 கிலோஹெர்ட்ஸுக்குப் பதில் 2.5-லேயே நின்றுவிடும். அடுத்து, 3 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனுள்ள டெஸ்ட் டோனை ரிசீவருக்குக் கொடுங்க. வெளியே வருவதும் 3 இருக்கணும். குறைந்தால், நடுவில் உள்ள ஆடியோ லெவலைக் கூட்டுங்க. 5-ஐத் தாண்டவிடாதீங்க, குரல் சிதறும், பக்கத்து சேனலிலும் இடிக்கும்.