249.5-க்கு 12, 250-க்கு 13

சனிக்கிழமை இரவு 10 மணிக்கு ஷிப்டுக்குள் போகும் ஒரு தொழிலாளி, ஞாயிறு காலை 6 மணிக்கு வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வடக்குப்பட்டு, ஒரகடம், வல்லம் வடகால் பக்கத்து ஆலைகளில் இது புதிதில்லை. தேதியை மட்டும் பார்க்கும் டேட்டாபேஸுக்கு இந்த எட்டு மணி நேரம் இரண்டாக உடைகிறது: சனிக்கிழமை 2, ஞாயிறு 6. சனிக்கிழமைக்கு ‘ஆஃப் டே’ (அரை நாள்) கூடத் தேறாது. ஞாயிற்றுக்கிழமையோ விடுமுறையில் வேலைக்கு வந்ததாகக் காட்டும்.

கணினி வருவதற்கு முன்பே இதற்கு விடை எழுதிவிட்டார்கள். 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 57-வது பிரிவு, நள்ளிரவைத் தாண்டும் ஷிப்டில் 12 மணிக்குப் பிறகு செய்த வேலையையும் முந்தைய நாளில்தான் சேர்த்தது. டேட்டாபேஸில் இதைச் செய்ய, உள்ளே போனதும் வெளியே வந்ததும் பதிவாகும் பஞ்ச் நேரத்தோடு ‘ஷிப்ட் தேதி’ என்று தனியாக ஒரு நெடுவரிசை இருந்தால் போதும்.

அடுத்த தவறு, இரண்டு தேதிகளைக் கழித்து வேலை நாளைக் கண்டுபிடிப்பது. எக்செலின் ‘நெட்வொர்க்டேஸ்’ சூத்திரம் சனி, ஞாயிறு இரண்டையும் விடுமுறையாக எடுத்துக்கொள்ளும். சனிக்கிழமையும் ஓடும் ஆலைக்கு அது ஒத்துவராது. தமிழ்நாட்டின் 1958-ம் ஆண்டு விடுமுறைச் சட்டப்படி குடியரசு தினம், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி ஆகிய நான்கும் எல்லா ஆலைகளுக்கும் பொது. மேலும் ஐந்து பண்டிகை நாட்கள் ஆலைக்கு ஆலை மாறலாம். ஆகவே ஒவ்வோர் ஆலைக்கும் நாளுக்கு ஒரு வரியாக நாட்காட்டி அட்டவணை ஒன்று வேண்டும். சூத்திரம் எழுதுவதைவிட 365 வரி எழுதுவது நல்லது.

அரை நாளை 0.5 என்று சேமிப்பதால் கெடுதல் இல்லை. அனுமதி (பர்மிஷன்) நேரத்தை நாளின் பங்காக 0.1, 0.2 என்று சேர்க்கத் தொடங்கும்போதுதான் சிக்கல். கணினியின் இரும எண்ணில் 0.1 துல்லியமாக அடங்காது; பத்து முறை கூட்டினால் ஒன்றுக்குச் சற்றே குறையும். நிமிடக் கணக்கில் முழு எண்ணாக வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு? சம்பளத்தோடு கூடிய விடுப்பு 20 நாள் வேலைக்கு ஒரு நாள். விடையில் அரை அல்லது அதற்கு மேல் பின்னம் வந்தால் முழு நாள். குறைந்தால் விட்டுவிட வேண்டும் என்றது 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 79-வது பிரிவு. 250 நாளுக்கு 12.5, ஆகவே 13 நாள் விடுப்பு. 249.5 நாளுக்கு 12.475, ஆகவே 12. ஒரு அரை நாள் தவறிப் பதிவானால் ஒரு முழு நாள் போய்விடுகிறது! விடுப்புக்குத் தகுதி பெற வேண்டிய நாட்களும் மாறிவிட்டன: 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பு 240-ஐ 180 ஆக்கியது. பழைய எண்ணை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்தவர்கள் அதைத் தேடித் திருத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் 24 மாதங்களில் 480 நாள் பணி செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ம் ஆண்டுச் சட்டமும் நாள் கணக்கையே நம்பி நிற்கிறது.

இந்த அரை நாள் கணக்கில் வேடிக்கை, கால் மணி தாமதமானால் ‘ஆஃப் டே’ என்பது ஆலையின் விதி மட்டுமே. வராத நேரத்தின் விகிதத்துக்கு மேல் சம்பளம் பிடிக்கக் கூடாது என்பதே 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டம் வகுத்த நெறி. அதனால் டேட்டாபேஸில் நிரந்தரமாக இருக்க வேண்டியது உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும்தான். அரை நாள் என்பது அவற்றிலிருந்து எடுத்த முடிவு. விதி மாறினால் அதுவும் மாறும்.

உங்கள் சம்பளச் சீட்டில் 0.5 என்று இருந்தால், அந்த நாளின் பஞ்ச் நேரத்தை ஹெச்.ஆரிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள்.