விறகு பிளக்க ஒரு தகடு, கட்ட ஒரு கயிறு

பாதி பிளந்த மரத்தில் தச்சன் செருகிவைத்த ஆப்பைப் பிடுங்கி, வாலை நசுக்கிக்கொண்ட குரங்கின் கதையைப் பாலர் வகுப்பிலேயே நாம் படித்துவிடுகிறோம். குரங்கின் அறிவீனத்தை எண்ணிச் சிரித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவதே வழக்கம். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டங்களில் விறகு பிளந்து பழகியவர்கள் அவ்வளவு எளிதில் சிரிப்பதில்லை. விரிந்த மரம் மீண்டும் மூடிக்கொள்ளும் வேகத்தை அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள். இதை எழுதுகிறவனின் இடது கைச் சுட்டுவிரலிலும் ஒரு தழும்பு உண்டு. பதினொரு வயதில், அதிகாலையில் அடுப்புப் பற்றவைக்கச் சிறாய் சீவியபோது, கவ்வாத்துக் கத்தி நழுவி விழுந்த அடையாளம் அது. லயத்து வாசலில் அமர்ந்து விசாரித்துப் பாருங்கள். இவ்வாறான தழும்பு இல்லாத வீடு அபூர்வம்.

தலவாக்கலை ஏறக்குறைய 4,000 அடி உயரத்தில் உள்ள ஊர். 1925ஆம் ஆண்டில் ஸ்தாபிக்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அதன் அருகே, சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. இவ்வூரின் ஆற்றை மறித்து எழுப்பிய மேல் கொத்மலை நீர்மின் திட்டம் 2012இல் இயங்கத் தொடங்கியது. 150 மெகாவாட் மின்சாரம் தரவல்லது. நாட்டுக்கு ஒளி தரும் நீரைக் கண்ணெதிரே காணும் லயங்களில், சோறு பொங்குவது இன்னமும் பெரும்பாலும் விறகினாலேயே. எரிவாயு அடுப்புக்கு மாறிய குடும்பங்களும் உண்டு. ஆயினும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவும் மண்ணெண்ணெயும் கிடையாமற் போனபோது, மூலையில் கிடந்த கோடாலிகள் மறுபடியும் வெளிவந்தன. கோடாலியைத் தொட்டறியாத பிள்ளைகள் பலர் அவ்வாண்டிலேதான் முதன்முதலாக அதைக் கையில் எடுத்தனர்.

நமக்குக் கிடைக்கும் விறகு மூவகைப்பட்டது. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து வரும் மிலாறு முதலாவது. அது மெல்லியது, பிளக்க வேண்டியதில்லை, ஆனால் கொப்பும் கிளையுமாய்ப் பின்னிக்கொண்டு கட்டுக்கு அடங்காது. (மிலாறு மண்ணுக்கே உரமாக வேண்டும் என்பாரும் உளர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இலையையும் நுனிக் கொப்பையும் மலையிலேயே உதிர்த்துவிட்டு வருவது இருதரப்புக்கும் நல்லது.) இரண்டாவது, நிழலுக்கென நட்ட சவுக்கு. கரையோரத்தார் சவுக்கு என்று சொல்லும் மரம் வேறு. மலைநாட்டார் அப்பெயரால் குறிப்பது கிரேவிலியாவை. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இம்மரத்தின் நார் பெரும்பாலும் நேராக ஓடுவதால் நல்ல பிள்ளையைப்போல் பிளக்கும். மூன்றாவதான யூகலிப்டசும் அதே நாட்டு மரமே. குணம் மட்டும் நேர்மாறு. அதன் நார் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டிருக்கும். வெட்டிய ஈரத்தோடு பிளந்தால் இணங்கும். காயவிட்டுப் பிளக்கப் போனால் கோடாலியைக் கவ்விக்கொண்டு விடமறுக்கும்.

விறகைப் பிளப்பது அடுப்பு வாய்க்குள் அடங்குவதற்காக மட்டுமன்று. முக்கியமான காரணம், அது காய்வதற்காக. புதிதாக வெட்டிய மரத்தின் நிறையில் ஏறக்குறைய பாதி நீர். அதை அப்படியே எரித்தால், ஒவ்வொரு கிலோவிலும் உள்ள அரைக்கிலோ நீரை ஆவியாக்கிய பின்னரே பானைக்கு உஷ்ணம் கிட்டும். அதுவரை வருவது புகை. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கின்படி, வீட்டு அடுப்பின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் பேர் அகால மரணமடைந்தனர். புகைபோக்கி இல்லாத காம்பராவில் குனிந்து ஊதுகின்ற நம் தாய்மாருக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. அவர்கள் கண்ணே சொல்லும்.

மரத்திலிருந்து நீர் வெளியேறுவது பெரும்பாலும் நார் ஓடும் திசையில், வெட்டுமுகத்தின் வழியாக. பட்டை அதைத் தடுத்து நிற்கும். ஆகவே குட்டையாக அறுத்து, பட்டை பிளவுறப் பிளந்த விறகு சில வாரங்களில் உலர்ந்துவிடும். முழு உருளை மாதக்கணக்கில் ஈரத்தோடு கிடக்கும். 1980களில் நம் நாட்டில் உருவாக்கப்பட்ட ‘அனகி’ என்னும் இருவாய்க் களிமண் அடுப்பும், மெலிதாகப் பிளந்த காய்ந்த விறகை இட்டால்தான் தன் சிக்கனத்தைக் காட்டும். தலவாக்கலையில் வைகாசிக்குப் பின் தென்மேல் பருவமழை பிடித்துக்கொண்டால் எதுவும் காய்வதில்லை. எனவே பிளப்பு வேலை முழுவதும் தை முதல் பங்குனி வரையிலான வெயிலுக்குள் முடிய வேண்டும். அவசரமான அந்த மூன்று மாதங்களில்தான் விரல்களும் போகின்றன.

மாணவர்கள் ‘எளிய பொறிகள்’ என்னும் பாடத்தில் ஆப்பைப் பற்றிப் படித்திருப்பார்கள். ஆறு அங்குல நீளமும் தலைப்பக்கத்தில் ஓர் அங்குலத் தடிப்பும் உள்ள ஆப்பு, கணக்கின்படி நாம் இறக்கும் விசையை ஆறு மடங்காக்கிப் பக்கவாட்டில் தள்ளும். உராய்வு அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும், மீதமுள்ளதே போதும். ஏனெனில் மரம் நாரின் நீளவாக்கில் இழுத்தால் காட்டும் பலத்தை, நாருக்குக் குறுக்கே பிரித்தால் காட்டுவதில்லை. பெரிய கட்டைக்கு எப்போதும் இரண்டு ஆப்புகள் வேண்டும். இரண்டாவது இறங்கிப் பிடித்த பிறகே முதலாவதைக் கழற்ற வேண்டும். குரங்கு செய்யத் தவறியது இதைத்தான்.

ஆனால் பெரிய கட்டையைப் பிளக்கும்போது காயம்படுவோர் குறைவு. அப்போது எல்லோரும் விழிப்பாக இருப்பார்கள். இடது கையால் சிறு துண்டை நிறுத்திப் பிடித்து, வலது கையால் கத்தியை ஓங்குகிறோமே, அங்குதான் அபாயம். விரலும் அலகும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

நியூசிலாந்தின் தரனாக்கி மாகாணத்தில் ஐலா ஹட்சின்சன் என்ற பள்ளி மாணவி, இவ்வாறே தன் தாய் விரலை வெட்டிக்கொண்டதைக் கண்டாள். 2013ஆம் ஆண்டில், பள்ளி விஞ்ஞானக் கண்காட்சிக்காக அவள் செய்த உபகரணம் மிகவும் எளியது. கத்தியை மேலிருந்து இறக்குவதற்குப் பதிலாக, அலகை மேல்நோக்கி நிலையாகப் பொருத்திவிட்டாள். அலகைச் சுற்றி மேலே ஓர் இரும்பு வளையம். விறகுத் துண்டை வளையத்துக்குள் நிறுத்தி, அதன் தலையில் ஒரு சுத்தியலால் தட்டினால், துண்டு தானே அலகின்மேல் இறங்கிப் பிளக்கும். ஓங்குகிற கையில் கூர்மையே இல்லை. பின்னர் வார்ப்பிரும்பில் செய்யப்பட்டு அது பல தேசங்களில் விற்பனையாயிற்று. கத்தியைத் தலைகீழாக்கிப் பார்க்க வேண்டும் என்று இத்தனை தலைமுறைகளாக நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான் வியப்பு.

அதை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. நம் ஊர்ப் பட்டறையில் கழித்துப் போட்ட லொறி வில்லுத்தகடு இருக்கும். மூன்று அங்குல அகலமான அத்தகட்டில் எட்டு அங்குலத் துண்டு ஒன்று போதும். ஒரு முனையை முப்பது பாகை அளவில் கூராக்க வேண்டும். சவரக்கத்திபோல் மெலியவிட்டால் கணு பட்டதும் விளிம்பு உடையும். சாணை பிடிக்கையில் அடிக்கடி நீரில் தோய்ப்பது அவசியம். உருக்கு நீலநிறம் காட்டினால் அதன் கடினம் போய்விட்டது என்று பொருள். வில்லுருக்கை அவசரமாக ஒட்டவைத்தால் ஒட்டின் ஓரம் வெடிப்பதுண்டு. ஆகையால் ஒட்டுவதைவிட, உறுதியான அடிக்கட்டை ஒன்றில் வாளால் மூன்று அங்குல ஆழத்துக்கு வெட்டுவாய் அறுத்து, தகட்டை அதனுள் இறுக்கமாக இறக்குவதே மேல். அடிக்கட்டையே பிளந்துவிடாதபடி, அதன் விளிம்பைச் சுற்றி ஓர் இரும்புப் பட்டை அடிக்க வேண்டும். ஏழங்குல வளையம் ஒன்றை மூன்று கம்பிகளில் தாங்கவைத்து, கம்பிகளைக் கட்டையின் பக்கவாட்டில் அறைந்துவிட்டால் கருவி தயார்.

தட்டுவதற்கு இரும்புச் சம்மட்டி ஆகாது. கடின உருக்கும் கடின உருக்கும் மோதினால் தெறிக்கும் பொடி கண்ணுக்கு எமன். கொய்யா மரத்தில் கடைந்த கொட்டாப்புளி போதும். கை வழுவினாலும் தகட்டுக்கும் கண்ணுக்கும் சேதமில்லை. வேலை முடிந்ததும் அலகின்மேல் ஒரு தகரக் குவளையைக் கவிழ்த்து வையுங்கள். குழந்தைகள் தவழும் இஸ்தோப்பில் மேல்நோக்கிய அலகு இருப்பது, பழைய அபாயத்தை விற்றுப் புதிய அபாயத்தை வாங்கியதாகும்.

பெரிய கட்டைகளுக்கு வேறொரு யுக்தி. தேய்ந்த டயர் ஒன்றை அடிக்கட்டையின்மேல் பொருத்தி, அதற்குள் விறகை நிறுத்திக் கோடாலியால் பிளந்தால் துண்டுகள் நாலாபுறமும் சிதறா. ஒவ்வொரு வெட்டுக்கும் குனிந்து பொறுக்கி நிறுத்தும் பிரயாசை ஒழிகிறது. குறி தவறிய கோடாலியும் காலில் இறங்காமல் றப்பரில் இறங்கும். கூம்பு வடிவத் திருகாணியை மோட்டாரில் மாட்டி விறகு பிளக்கும் யந்திரத்தையும் சிலர் வீட்டிலேயே செய்கிறார்கள். அதன் வேகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் சுழலும் திருகாணி சேலைத் தலைப்பையும் படங்கையும் பிடித்தால் விடுவதில்லை. சிக்கிய கட்டையோடு கையும் சுழலும். குடும்பத்தார் நடமாடும் முற்றத்தில் அதற்கு இடமில்லை என்பதே என் துணிபு.

பிளந்தாயிற்று, இனிக் கட்ட வேண்டும். பெரும்பாலோர் விறகைத் தரையில் அடுக்கி, முழங்காலால் அழுத்திக் கயிற்றை இழுக்கிறார்கள். அதைவிட, இரண்டிரண்டு கழிகளைப் பெருக்கல் குறிபோல் பிணைத்து, ஒன்றரை அடி இடைவெளியில் நிலத்தில் ஊன்றி, இடுப்புயரத்தில் ஒரு தொட்டிலாக்கிக் கொள்ளலாம். முதலில் கயிற்றைத் தொட்டிலின் குறுக்கே போட்டு, அதன்மேல் விறகை அடுக்கி, கயிற்றை முடிந்து, முடிச்சுக்குள் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால், எவ்வளவு மிலாறும் அடங்கிவிடும். குச்சியின் நுனியைக் கட்டாமல் கையை எடுக்கலாகாது. திரும்பி அடித்தால் பல் போகும். கட்டு இடுப்புயரத்தில் இருப்பதால் தரையிலிருந்து தூக்கும் பாரம் முதுகுக்கு மிச்சம்.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். தமிழகத்துச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். கர்ப்பிணியாய் இறந்த பெண்ணின் நினைவாக அவற்றை நாட்டும் வழக்கம் உண்டு. சுமப்பவள் யார், அவளுக்கு நேர்வது யாது என்பதை அந்தக் கல் பேசாமற் பேசுகிறது. லயத்துக்கு ஏறும் பாதையின் திருப்பத்தில், தலையுயரத்தில் இரு கவைக்கழிகளும் ஒரு குறுக்குக்கழியும் நட்டுவைக்க அரை நாள் வேலைகூட இல்லை.

இனி, எவ்வளவு சுமக்கலாம்? 1967இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சுமைபற்றி ஓர் உடன்படிக்கையையும் ஒரு பரிந்துரையையும் ஏற்றது. வளர்ந்த ஆடவர் சுமக்கும் சுமை 55 கிலோவுக்கு மேற்படலாகாதென்றும், பெண்களுக்கு அதனினும் வெகுவாகக் குறைய வேண்டுமென்றும் அவை கருதுகின்றன. அது சம்பளத் தொழிலுக்குச் சொன்னது. மாலையில் கொழுந்து நிறுத்துவிட்டு, வீட்டுக்கென்று விறகு சுமந்து ஏறும் பெண்ணின் சுமையை நிறுப்பார் ஒருவருமில்லை. அந்தக் குறையைக் கயிறே நீக்கும்.

இரண்டரை அடி நீளமான காய்ந்த சவுக்கு விறகை, 10 அங்குல விட்டத்தில் கட்டினால் ஏறக்குறைய 13 கிலோ நிறை இருக்கும். விட்டத்தை 15 அங்குலமாக்கினால்? கூடியது ஐந்தே அங்குலம். பார்வைக்குச் சற்றே பெரிய கட்டு. நிறையோ இரண்டே கால் மடங்காகி, 29 கிலோவைத் தொடும். பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று கரும்பலகையில் எழுதிய விதி, தாயாரின் கழுத்தில் வந்து நிற்பதைப் பாருங்கள். கண்ணை நம்பாமல் அளவை நம்புவதே உத்தமம்.

தும்புக் கயிற்றின் ஒரு முனையில் கண்ணி போட்டு, அதிலிருந்து 31 அங்குலத்தில் ஒரு முடிச்சு இடுங்கள். கட்டைச் சுற்றி வரும் கயிற்றில் அந்த முடிச்சு கண்ணியைத் தொட்டால் 10 அங்குல விட்டம். அதற்குமேல் ஒரு குச்சியும் வேண்டாம். விறகு பச்சையாக இருப்பின், அதே முடிச்சில் 20 கிலோவுக்கு மேலும் போகலாம் என்பதை நினைவிற் கொள்க. பள்ளிக்குச் செல்லும் பிள்ளையிடம் கயிற்றைக் கொடுப்பதாயின் முடிச்சை 25 அங்குலத்தில் இடுங்கள். காய்ந்த விறகில் அது 8 கிலோவோடு நிற்கும்.