அறுந்த தண்டுவடத்துக்கு ஒரு பாலம்



கைவிரலில் கத்தி ஆழமாகப் பட்டு நரம்பு அறுந்துவிட்டால், மருத்துவர் அதைத் தைத்து இணைத்த பிறகு மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்புவதுண்டு. ஆனால், மோட்டார் சைக்கிள் விபத்திலோ மரத்திலிருந்து விழுந்தோ முதுகுத் தண்டுவடம் நசுங்கிவிட்டால், கால்கள் அப்படியே ஓய்ந்துவிடுகின்றன. இரண்டும் நரம்புதானே, ஏன் இந்த வேறுபாடு?

1981ஆம் ஆண்டில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் டேவிட், அகுவாயோ என்னும் இரு அறிஞர்கள் இதற்கு அழகான விடை கண்டார்கள். எலியின் கால் நரம்புத் துண்டொன்றை எடுத்து, ஒரு முனையை மூளையின் அடித்தண்டிலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்தினார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட இழைகள் அந்தப் பாலத்தின் வழியே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வளர்ந்தன! ஆகவே, தண்டுவட இழைகளுக்கு வளரும் ஆற்றல் அடியோடு இல்லாமற் போய்விடவில்லை. அவை இருக்கும் இடம்தான் அவற்றை வளரவிடுவதில்லை.

அந்த இடம் எப்படிப்பட்டது? அடிபட்ட பகுதியில் இரத்தம் கசிகிறது, வீக்கம் காண்கிறது, உயிரணுக்கள் கூட்டமாக மடிகின்றன. நாளடைவில் அங்கே நீர் நிறைந்த குழி ஒன்று உண்டாகிறது. அதைச் சுற்றித் தழும்பு சுவர்போல் எழும்புகிறது. இந்தத் தழும்பைப் பகைவன் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. கேடு மேலும் பரவாமல் தடுப்பதும் அதுவே.

இந்தக் குழிக்குள் புதிய உயிரணுக்களை ஊசியால் செலுத்தினால் என்ன? செய்து பார்த்தார்கள், பெரும்பாலானவை சில நாட்களிலேயே மடிந்தன. ஓடுகிற ஆற்றில் விதை தூவினால் என்ன ஆகும்? பற்றிக்கொள்ள இடமில்லை, உணவு கொண்டுவர இரத்தக் குழாயும் இல்லை.

இங்கேதான் உயிரியற் பொருள்கள் கைகொடுக்கின்றன. நம் வீட்டில் அகர் அகர் காய்ச்சுகிறோம் அல்லவா? ஊற்றும்போது நீராக இருப்பது, பாத்திரத்தின் வடிவத்திலேயே உறைந்து நிற்கிறது. அதுபோன்ற மென்கூழில் உயிரணுக்களைக் கலந்து குழிக்குள் செலுத்தலாம். கூழ் தண்டுவடத்தைப் போலவே மென்மையாக இருக்க வேண்டும். கடினமானால் அதுவே புதிய தழும்புக்குக் காரணமாகும். வேலை முடிந்ததும் தானே கரைந்தும் போக வேண்டும்.

2002இல் பாஸ்டன் ஆய்வாளர்கள், கரையும் அறுவைத் தையல் நூலின் வகையைச் சேர்ந்த பொருளால் சாரம் செய்து, அதில் நரம்புக் குருத்தணுக்களை ஏற்றி, பாதி அறுபட்ட எலியின் தண்டுவடத்தில் வைத்தார்கள். எலிகளின் நடை தேறியது. வேடிக்கை என்னவென்றால், குருத்தணுக்கள் புதிய நரம்புகளாக மாறியது அதற்குக் காரணமாகத் தெரியவில்லை; எஞ்சியிருந்த திசு காப்பாற்றப்பட்டதும் தழும்பு குறைந்ததுமே முக்கியமாகத் தோன்றின. 2012இல் சான் டியாகோவில், இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் என்னும் புரதத்தில் நரம்புக் குருத்தணுக்களையும் வளர்ச்சிக் காரணிகளையும் கலந்து வைத்தபோது, அவற்றிலிருந்து கிளம்பிய இழைகள் நெடுந்தூரம் வளர்ந்தன.

மனிதரிடம் கதை அவ்வளவு எளிதல்ல. உயிரணு சேர்க்காத வெறும் சாரம் ஒன்றை 2014 முதல் நோயாளிகளுக்குப் பொருத்திப் பார்த்தார்கள். பிறகு நடந்த ஒப்பீட்டுச் சோதனை, 2023இல் வெளியான முடிவின்படி, எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. ஆகையால், ஓர் ஊசியில் எழுந்து நடக்கலாம் என்று பெருந்தொகை கேட்பவரிடம், சோதனை முடிவு எங்கே என்று முதலில் கேளுங்கள்.

ஆராய்ச்சியாளர் எல்லாருமே நடையைத்தான் இலக்காக வைத்திருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். கழுத்தில் அடிபட்டவருக்கு இழைகள் ஓரிரு சென்டிமீட்டர் கீழே வளர்ந்து சரியான அணுக்களோடு இணைந்தாலே போதும். கரண்டியைத் தானே பிடித்து உண்ணும் வலு கைக்கு வரக்கூடும்.