கூட்டுறவும் கைத்தறியும்: உறையூர் தரும் படிப்பினை

சோழர்களின் பழைய தலைநகராகிய உறையூர் இன்று திருச்சிராப்பள்ளி நகரின் ஒரு பகுதியாகும். கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடற்பயண நூல் ஒன்று போற்றும் மெல்லிய துணி இவ்வூரைச் சேர்ந்தது என்று ஆய்வாளர் கருதுவர். பருத்திப் புடவை நெசவு இங்கு இன்றும் நடைபெறுகிறது. ஆனால் தறிகள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

தனித்து நிற்கும் நெசவாளருக்கு இடர்கள் மூன்று. நூல் வாங்க முதல் இல்லை. புடவை விற்கும் வரை காத்திருக்க வசதி இல்லை. புதிய கரை ஒன்றை நெய்து, அது விலை போகாவிடில், நஷ்டத்தைத் தாங்க வலுவும் இல்லை. ஆகவே, வியாபாரி தரும் நூலை அவர் சொன்னபடி நெய்து கூலி பெறுவதே வழக்கமாயிற்று.

இந்நிலையை மாற்றவே நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றின. 1904-ம் ஆண்டுச் சட்டம் கடன் சங்கங்களுக்கு மட்டும் இடமளித்தது. உற்பத்தி, விற்பனைச் சங்கங்களுக்கு வழி திறந்தது 1912-ம் ஆண்டுச் சட்டமே. இன்று கோ-ஆப்டெக்ஸ் என்று நாம் அறியும் மாநில அளவிலான நெசவாளர் சங்கம் 1935-ல் ஏற்பட்டது. பங்குத் தொகை செலுத்திச் சேரும் அங்கத்தினருக்குச் சங்கம் பாவும் ஊடையும் கொடுக்கிறது. அவர் வீட்டுத் தறியில் நெய்து கொடுத்துக் கூலி பெறுகிறார். விற்பனை சங்கத்தின் பொறுப்பு. புதிய கரை விலை போகாவிடினும், நஷ்டம் ஒரே குடும்பத்தின் தலையில் விழுவதில்லை. புதுமை செய்யும் துணிவு இதனாலேயே பிறக்கிறது.

எனினும் ஓர் அபாயம் உண்டு. நூலைப் பெற்றுக் கூலியை வாங்குவதோடு நின்றுவிடும் அங்கத்தினருக்கு, முன்பு வியாபாரி இருந்த இடத்தில் இப்போது சங்கம் இருக்கிறது, அவ்வளவே. எந்தக் கரையை மக்கள் விரும்பினர், எது தேங்கிற்று என்பதை அவர் அறிய வழியில்லை. நஷ்டத்தோடு சந்தை அறிவும் சங்க அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது.

அந்த அறிவு தறிக்குத் திரும்ப வேண்டும். பொதுக்குழுவில் வரவு செலவோடு, விற்றவை, தேங்கியவை பற்றிய கணக்கையும் படிக்கலாம். காவிரிக்கு அக்கரையில் உள்ள ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக்குப் பல ஊர் மக்கள் கூடுகின்றனர். அங்கே கடை வைத்து, நெய்தவர்களே முறை வைத்து அமர்ந்தால், வாங்குவோர் விருப்பத்தை நேரில் அறியலாம். சேலத்தில் 1960-ல் தொடங்கிய கைத்தறித் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற ஒருவர் சங்கத்தில் இருப்பின், அவர் கற்ற சாய முறை அனைவருக்கும் பொதுவாகும்.

பங்குத் தொகை ஒருவரை அங்கத்தினராக்கும். தொழிலின் முழுக் கணக்கையும் அறிவதே அவரைத் தொழில் முனைவோராக்கும். எஞ்சியுள்ள தறிகளில் அடுத்த தலைமுறை அமருமா என்பது, கூலியின் அளவோடு இதையும் பொறுத்திருக்கிறது.