ராயபுரத்து ஸ்டஃபிங்: காய்ந்த பிரெட்டுக்குள் என்ன நடக்கிறது?

தமிழ் வீடுகளில் பிரெட்டுக்கும் காய்ச்சலுக்கும் பழைய உறவு. சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களின் பையில் பழத்தோடு ஒரு பிரெட் பாக்கெட்டும் இருக்கும். பாலில் நனைத்து ஊட்ட அதுதான் வசதி. அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ராயபுரத்தில், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் மேசைக்கு அதே பிரெட் வேறு கோலத்தில் வரும். வெண்ணெயில் வதங்கிய வெங்காயம், கோழி ஈரல், மிளகு, புதினா, முட்டை எல்லாவற்றையும் உள்வாங்கி, மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெத்தென்றும் இருக்கும் அந்தப் பதார்த்தம்தான் ஸ்டஃபிங். ரோஸ்ட் கோழிக்கும் வாத்துக்கும் துணை. மாவுச்சத்தும் புரதமும் நீரும் ஒன்றோடொன்று எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் சமையலறையில் கிடைப்பது அரிது.

1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்டது. அதன்பின் ரயில்வே, சுங்கம், தந்தி என்று பல துறைகளில் ஆங்கிலோ இந்தியர்கள் வேலை பார்த்தார்கள். ராயபுரத்திலும் பெரம்பூரிலும் அவர்களுடைய குடியிருப்புகள் வளர்ந்தன. 1947-க்குப் பிறகு பலர் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்தார்கள். இங்கேயே தங்கியவர்கள் தங்கள் சமையலையும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். ஐரோப்பிய ஸ்டஃபிங்கில் சேஜ், தைம் போன்ற மூலிகைகள் மணக்கும். இங்கே அந்த இடத்தைப் புதினாவும் பச்சை மிளகாயும் எலுமிச்சைச் சாறும் பிடித்துக்கொண்டன. சில வீடுகளில் வேகவைத்த உருளைக்கிழங்கும் சேரும். என்னைக் கேட்டால், மிளகும் புதினாவும் சேர்ந்த நம்மூர் ஸ்டஃபிங்தான் மேலானது.

பறவையின் வயிற்றுக்குள் எதையாவது அடைத்துச் சமைப்பது மிகப் பழைய வழக்கம். அப்பிசியஸ் என்ற பெயரில் வழங்கும் பண்டைய ரோமானியச் சமையல் நூலிலேயே இந்த வகைக் குறிப்புகள் உண்டு. ஆனால் இன்றைக்கு நல்ல சமையல்காரர்கள் பலர் ஸ்டஃபிங்கைக் கோழிக்குள் வைக்காமல், தனித் தட்டில் வைத்துச் சுடுகிறார்கள். காரணம் வெப்பம் நகரும் விதம். கோழி வெளியிலிருந்து உள்ளே வேகும். வயிற்றின் நடுப்பகுதிக்குச் சூடு கடைசியில்தான் போய்ச் சேரும். அதற்குள் கோழியிலிருந்து வடியும் சாறு பிரெட்டில் ஊறிவிடும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் அந்தச் சாற்றில் இருக்கலாம். ஸ்டஃபிங்கின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால்தான் பாதுகாப்பு. அதுவரை காத்திருந்தால் கோழியின் நெஞ்சுக்கறி நார் நாராக வறண்டுபோகும். தனியாகச் சுட்டால் இரண்டும் தப்பிக்கும். மொறுமொறுப்பான மேல்பாகமும் கூடுதலாகக் கிடைக்கும்.

இனி முக்கியமான விஷயம். ஸ்டஃபிங் செய்ய 'பழைய பிரெட்' எடுங்கள் என்றுதான் பெரும்பாலான குறிப்புகள் தொடங்கும். சென்னைக் கடற்கரையில் அந்த யோசனை நம்மைத் தவறான வழிக்குக் கொண்டுபோய்விடும். ஏனென்றால் பிரெட் பழசாவது வேறு, காய்வது வேறு.

கோதுமை மாவின் பெரும்பகுதி மாவுச்சத்து. அதில் அமைலோஸ், அமைலோபெக்டின் என்று இரண்டு வகை மூலக்கூறுகள் உண்டு. மாவு அடுப்பில் வேகும்போது மாவுச்சத்துத் துகள்கள் நீரை உறிஞ்சி ஊதி, அவற்றின் ஒழுங்கு குலைந்து, கூழ்போல இளகுகின்றன. புது பிரெட்டின் மென்மை அதிலிருந்து வருகிறது. ஆறத் தொடங்கியதும் அந்த மூலக்கூறுகள் மறுபடி ஒன்றோடொன்று நெருங்கி அடுக்காகச் சேர்கின்றன. அமைலோஸ் சில மணி நேரத்தில் சேர்ந்துவிடும். அமைலோபெக்டினுக்குப் பல நாள் பிடிக்கும். பிரெட் விறைத்துப்போவது இதனால்தான். பிரான்ஸைச் சேர்ந்த வேதியியலாளர் பூசிங்கோ 1852-லேயே இதைக் காட்டிவிட்டார். நீர் கொஞ்சமும் வெளியேறாதபடி அடைத்து வைத்தாலும் ரொட்டி விறைக்கிறது என்று அவர் நிறுவினார். விறைத்த ரொட்டியைச் சூடாக்கினால் மென்மை திரும்புவதையும் கண்டார். நேற்றைய பிரெட்டைத் தோசைக்கல்லில் வாட்டும்போது நாம் செய்வது அதைத்தான்.

ஆகவே, பழசான பிரெட்டில் நீர் அப்படியே இருக்கலாம். விறைப்பாகத் தெரியும், ஆனால் உள்ளே சாறு இறங்க இடம் இருக்காது. பிரெட்டின் எடையில் 35 முதல் 40 சதவீதம் வரை நீர். 400 கிராம் பாக்கெட்டில் ஏறக்குறைய 150 கிராம் நீர் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த நீரில் பெரும்பகுதியை வெளியேற்றினால்தான் அந்த இடத்தில் கோழிச் சாறு போய் உட்காரும். அது மட்டுமல்ல, காயும்போது பிரெட்டின் சின்னச் சின்னக் காற்றறைகளின் சுவர்கள் கெட்டியாகின்றன. பிறகு நனைத்தாலும் அவை சீக்கிரம் நொறுங்கிக் களியாகிவிடுவதில்லை.

குளிர்காலக் காற்று வறண்ட நாடுகளில், மேசைமேல் இரண்டு நாள் வைத்தாலே பிரெட் காய்ந்துவிடும். இங்கே டிசம்பர் என்பது வடகிழக்குப் பருவமழை ஓயாத மாதம். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று ஈரத்தைச் சுமந்து வந்துகொண்டே இருக்கும். திறந்து வைத்த பிரெட் காய்வதற்கு முன்பே பூஞ்சை பிடித்துவிடும். பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்தப் பாக்கெட்டை முழுதாகத் தூக்கிப் போடுங்கள். புள்ளியை மட்டும் கிள்ளி எறிந்தால் போதாது, பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். பிரிட்ஜும் இதற்கு உதவாது. அந்தக் குளிரில்தான் மாவுச்சத்து வேகமாக விறைக்கும். காய்வதோ மெதுவாகத்தான் நடக்கும். போதாக்குறைக்கு, பாக்கெட் பிரெட்டில் மென்மை குறையாமல் காக்கும் எமல்சிஃபையர்களும், பூஞ்சையைத் தடுக்கும் கால்சியம் புரோபியோனேட்டும் சேர்க்கப்படுகின்றன. அது தானாகப் பழசாகட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை.

அதனால் அன்றைக்கு வாங்கிய பிரெட்டையே எடுத்து, சூட்டில் உலர்த்துங்கள். ஓவன் இருந்தால் 120 டிகிரியில் தட்டில் பரப்பி, இடையில் கிளறிவிட்டு, 40 முதல் 50 நிமிடம். ஓவன் இல்லையென்றால் அகலமான தோசைக்கல்லில், மிகச் சிறு தீயில், எண்ணெய் இல்லாமல், பொறுமையாகப் புரட்டவேண்டும். நிறம் மாறத் தேவையில்லை. ஒரு துண்டை உடைத்தால் ரஸ்க் மாதிரி 'படக்'கென்று ஒடியவேண்டும். 400 கிராம் பிரெட் 300 கிராமுக்குக் கீழே வந்துவிட்டால் சரி.

துண்டின் அளவும் சும்மா இல்லை. அமெரிக்காவில் 1972-ல் வெந்நீர் ஊற்றினால் தயாராகும் பெட்டி ஸ்டஃபிங் விற்பனைக்கு வந்தது. அதன் பின்னால் இருந்தவர் ரூத் சீம்ஸ் என்ற மனையியல் வல்லுநர். அவரும் சகாக்களும் 1975-ல் பெற்ற காப்புரிமையின் உயிர்நாடி துண்டின் பருமன்தான். தூளாக இருந்தால் நீர் பட்டதும் பசையாகிவிடும். பெரிதாக இருந்தால் நடுவில் நனையாது. வீட்டில் செய்யும்போது ஒன்றரை சென்டிமீட்டர் சதுரத் துண்டுகள் சரியாக வரும்.

அடுத்தது சாறு. கோழிக் கழுத்து, எலும்பு, இரைப்பை ஆகியவற்றைக் கொஞ்சம் மிளகு தட்டிப்போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், எலும்பைச் சுற்றியுள்ள கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். ஆறினால் விரலில் ஒட்டுகிற அந்தச் சாறுதான் ஸ்டஃபிங்குக்கு உடம்பு தருவது. காசிமேட்டில் வாங்கிய இறாலின் தலைகளையும் ஓடுகளையும் வறுத்து எடுத்த சாறும் அருமையாக இருக்கும். 300 கிராம் காய்ந்த துண்டுகளுக்கு அரை லிட்டர் சாறு, 100 கிராம் வெண்ணெய், மூன்று பெரிய வெங்காயம், இரண்டு முட்டை. வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பச்சை மிளகாயோடு வெண்ணெயில் நிதானமாக வதக்குங்கள்; அதன் நீர் வற்றாவிட்டால் ஸ்டஃபிங் சொதசொதவென்று ஆகும். ஈரலையும் வெந்த இரைப்பையையும் பொடியாக நறுக்கி இதிலேயே புரட்டலாம். கறி சாப்பிடாதவர்கள் காளானைப் போடலாம். சாற்றை ஒரே தடவையில் கொட்டாமல் மூன்று தவணையாக ஊற்றிக் கிளறவேண்டும். பிரெட்டிலேயே உப்பு இருப்பதால், முட்டை சேர்ப்பதற்கு முன் ஒரு துண்டைச் சுவைத்துப் பார்த்து உப்புப் போடுங்கள். முட்டையும் புதினாவும் எலுமிச்சைச் சாறும் கடைசியில். கலவை சூடாக இருக்கும்போது முட்டையை ஊற்றினால் அங்கங்கே திரிந்துவிடும்.

முட்டையின் வேலை ஒட்டவைப்பது. 62, 63 டிகிரியில் வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் அவிழ்ந்து ஒன்றோடொன்று பின்னத் தொடங்கும். சற்று மேலே போனால் மஞ்சள் கருவும் இறுகும். அந்த வலைக்குள் சாறு சிக்கிக்கொள்வதால்தான் வெட்டினால் துண்டாக வருகிறது, வாயில் வைத்தால் ஈரமாக இருக்கிறது.

வீட்டில் ஓவன் இல்லாத காலத்தில் கிறிஸ்துமஸ் கேக் கலவையை அக்கம்பக்கத்து பேக்கரிக்கு எடுத்துப்போய்ச் சுட்டு வாங்குவது ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் வழக்கம். விறகு எரியும் செங்கல் அடுப்பில் அது சாத்தியமானதற்குக் காரணம் உண்டு. தீ அணைந்த பிறகும் தடித்த சுவர்கள் சேமித்த சூட்டைப் பல மணி நேரம் மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். கடும் சூட்டில் பிரெட் வெந்து இறங்கிய பிறகு, தணிந்த சூட்டில் கேக்கும் ஸ்டஃபிங் தட்டும் உள்ளே போகலாம். அத்தகைய பேக்கரி உங்கள் தெருவில் இன்னும் இருந்தால், கேட்டுப் பாருங்கள்.

வீட்டு ஓவனில் 180 டிகிரி. முதல் அரை மணி நேரம் அலுமினியத் தாளால் மூடியும், பிறகு 15 நிமிடம் திறந்தும் வையுங்கள். மூடியிருக்கும்போது நீராவி உள்ளே தங்கி முட்டையை இறுக்குகிறது. திறந்ததும் மேல்பரப்பு காய்ந்து 140 டிகிரியைத் தாண்டும்போது, சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் சேர்ந்து பொன்னிறத்தையும் மணத்தையும் உண்டாக்கும். 1912-ல் இதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மையார் பெயராலேயே இன்றும் இந்த வினை அழைக்கப்படுகிறது. ஓவன் இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி இட்லிப் பானை. வெண்ணெய் தடவிய தட்டையான பாத்திரத்தில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குக் கலவையைப் பரப்பி, மூடி, 25 நிமிடம் ஆவியில் வேகவையுங்கள். ஆவி 100 டிகிரியைத் தாண்டாது. அதனால் நன்றாக வேகும், ஆனால் சிவக்காது. ஆறியதும் வில்லைகளாக வெட்டி, தோசைக்கல்லில் நெய் விட்டு இரண்டு பக்கமும் சிவக்க எடுத்தால், மேலும் கீழும் மொறுமொறுப்பு கிடைக்கும். ஓவனில்கூட அது கிடைக்காது.

நள்ளிரவுப் பூசைக்குப் போகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. பிரெட் துண்டுகளை மூன்று நாள் முன்பே உலர்த்தி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவையுங்கள். சாற்றை முந்தின நாள் காய்ச்சி, ஆறவைத்து, பிரிட்ஜில் வையுங்கள். ஆனால் இரண்டையும் முட்டையோடு கலப்பது அடுப்பில் ஏற்றுவதற்குச் சற்று முன்புதான். வெந்த ஸ்டஃபிங்கை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாதீர்கள். மிஞ்சியதை அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவைத்து பிரிட்ஜுக்குள் வைத்தால் மூன்று நாள் தாங்கும். எடுத்துச் சாப்பிடும்போது நடுவரை ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.