குமுட்டி அடுப்பைச் செப்பனிடும் முறை

குமுட்டி அடுப்பு என்பது இரும்புத் தகட்டாலான வாளி போன்ற உடலும், அதன் உட்புறத்தில் களிமண் பூச்சும், நடுவில் கரியைத் தாங்கும் துளைத்தட்டும், அதற்குக் கீழே காற்று நுழையவும் சாம்பலை வாரவும் உதவும் வாயும் கொண்ட கரியடுப்பாகும். சமையல் எரிவாயு பரவுவதற்கு முன்பு தமிழ்நாட்டு வீடுகளில் பரவலாகப் புழங்கிய இவ்வடுப்புக்கு மரக்கரியே முதன்மை எரிபொருள். நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியிலிருந்து புகை தரும் பொருள்களை நீக்கிக் கட்டிகளாக்கிய 'லெகோ'வும் வீட்டு எரிபொருளாக விற்கப்பட்டது. 1952இல் அமெரிக்காவின் ஜார்ஜ் ஸ்டீபன், கடல் மிதவைக்கான உலோகக் கோளத்தின் பாதியைக் கொண்டு உருவாக்கிய மூடியுள்ள கரியடுப்பும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான்: உள்ளே புகும் காற்றைக் கூட்டினால் நெருப்பு கூடும், குறைத்தால் குறையும்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலுள்ள செம்மங்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இவ்வடுப்பு எரியும்போது தேய்வதைவிட அணைந்து கிடக்கும்போதே மிகுதியாகக் கெடுகிறது. துரு என்பது இரும்பும் ஆக்சிஜனும் நீரும் சேர்ந்து நிகழும் மின்வேதி மாற்றம் என்பதால், உப்புக் காற்றின் குளோரைடு தகட்டின் மேலுள்ள ஈரப்படலத்தில் கரைந்து மின்னோட்டத்தை எளிதாக்கித் துருவை விரைவுபடுத்துகிறது. மரச்சாம்பலில் உள்ள பொட்டாசியம் கார்பனேட் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சாம்பல் அள்ளப்படாமல் கிடக்கும் அடுப்பின் அடித்தகடுதான் முதலில் ஓட்டையாகிறது.

செப்பனிடும் வேலை சோதனையில் தொடங்குகிறது. விரிசல் விட்ட பழைய மண்ணை உதிர்த்து, தகட்டைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தபின் சிறு சுத்தியால் தட்டினால், திடமான இடம் கணீரென ஒலிக்கும்; துரு தின்ற இடம் மந்தமாக ஒலிப்பதோடு உளி முனைக்கு எளிதில் இடங்கொடுக்கும். ஓட்டையின் மீது வேறொரு இரும்புத் தகட்டை வைத்து ரிவெட் அடிப்பதே நிலைக்கும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 200 டிகிரி செல்சியசுக்குள்ளேயே உருகிவிடும், எபாக்சி பசையோ கருகிப்போகும் என்பதால் இரண்டும் இங்கே உதவா. துத்தநாகம் பூசிய தகட்டையும் நெருப்பு நேராகப் படும் இடத்தில் வைக்கலாகாது. ஏறத்தாழ 420 டிகிரியில் உருகும் அவ்வுலோகம் மேலும் சூடேறினால் காய்ச்சலை உண்டாக்கும் புகையை வெளிவிடும்.

துளைத்தட்டு பெரும்பாலும் வார்ப்பிரும்பால் ஆனது. அழுத்தத்தைத் தாங்கினும் இழுவிசையைத் தாங்காத அவ்வுலோகம், ஓரம் குளிர்ந்தும் நடு சிவந்தும் இருக்கும்போது வெடிக்கிறது. ஆதலால் புதிய தட்டைச் சுவரோடு இறுக்கிப் பொருத்தாமல், சூட்டில் விரிவதற்குச் சுற்றிலும் சிறு இடைவெளி விட்டு, உள்விளிம்பின் மீது தளர்வாக அமர்த்த வேண்டும்.

மண்பூச்சு தகட்டை நெருப்பிலிருந்து காப்பதோடு வெப்பத்தையும் உள்ளே நிறுத்துகிறது. களிமண்ணில் உள்ள நீர் வெளியேறும்போது அதன் நுண்துகள்கள் நெருங்குவதால் பூச்சு சுருங்கி வெடிக்கும். மணலும் உடைத்த பழைய ஓட்டுத்தூளும் சேர்த்தால் அச்சுருக்கம் குறையும். உடன் கலக்கும் உமி எரிந்து விட்டுச்செல்லும் நுண்துளைகளில் காற்று தங்குவதால் வெப்பம் தகட்டுக்குக் கடப்பதும் தடைப்படும். பண்ருட்டி வட்டாரத்திலும் நெய்வேலிச் சுரங்கத்திலும் நல்ல களிமண் கிடைப்பது கடலூர் மாவட்டத்தின் பேறு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வேரூன்றியதற்கும் அம்மண் ஒரு காரணம். பூசியபின் சில நாள்கள் நிழலில் உலர்த்தி, முதன்முறை சிறிதளவு கரியை மட்டும் மெல்ல எரிக்க வேண்டும். உள்ளே எஞ்சிய நீர் திடீரென ஆவியானால் பூச்சு பெயர்ந்து விழும்.

காற்றுவாயின் கதவு தடையின்றித் திறந்து மூடுகிறதா என்பது இறுதிச் சோதனை. கதவு சரியாக இயங்கினாலும் ஓர் ஆபத்து எஞ்சும். கரி நன்கு எரிகையில் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அவ்வாயு செந்தணலின் ஊடே மேலெழும்போது கார்பனோடு வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. தணலின் மேல் தெரியும் நீலச் சுடர் அவ்வாயு எரிவதன் அடையாளம். எரியாமல் தப்பும் பகுதிக்கு நிறமோ மணமோ இல்லை. அது இரத்தச் சிவப்பணுக்களில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்து உயிரைப் பறிக்க வல்லது. எவ்வளவு செம்மையாகப் பழுது நீக்கப்பட்ட அடுப்பும் இதற்கு விலக்கன்று என்பதால், அதை முற்றத்திலோ திறந்த தாழ்வாரத்திலோ மட்டுமே மூட்ட வேண்டும். நெருப்பு முற்றிலும் ஆறியபின் அன்றன்றே சாம்பலை அள்ளி, அடுப்பை உலர்ந்த இடத்தில் வைத்தால் புதிய தகடு நெடுநாள் உழைக்கும்.